பொய்மீன் ஓடும் வேகம்

அன்பு மகள் அருள்ஜோதிக்கு அம்மா எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உண்டு உறங்கி நலமாக இருக்கிறோம். அந்தக் குளிர் நாட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு தூங்கி, நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் மேலே எழுதுகிறேன். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபோனில் நான் பாதி சொல்வதற்குள் நீ 'வேணாம்மா, விட்டுடும்மா' என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. நடந்ததை எழுத்தில் பார்க்க ஆசையாக இருக்கிறது. எனக்கே.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவுக்குக் கண்ணில் புரை எடுத்தாயிற்று. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சினிமா வில்லன் மாதிரி வாசலில் உட்கார்ந்திருக்கிறார், உப்புக் காற்றும் வெயிலும் கண்ணில் படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை தூக்கப் போவதும் நின்றுவிட்டது. நின்றது நல்லதுதான். தண்ணீரில் வளர்ந்த மனிதர் நெல் மூட்டையின் கீழே குனிந்து நடப்பதை நான் சாலையில் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டேன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. சம்பா அறுவடை முடிந்து வயலெல்லாம் வைக்கோல் கட்டாகக் கிடக்கிறது. ஆடு இரண்டு குட்டி போட்டது, இரண்டும் கிடா. சமையலறை ஓடு மாற்றியாயிற்று. உன் அறையை அப்படியே வைத்திருக்கிறேன், உன் பாடப் புத்தகங்களைத்தான் நான் எடுத்துப் படிக்கிறேன், உப்பு நீரும் நல்ல நீரும் கலக்கிற இடத்தில் மீன் குஞ்சுகள் எப்படி வளரும் என்று நீ அடிக்கோடு போட்டு வைத்திருக்கிற பக்கங்களை உன்னைவிட அதிகம் தடவை படித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

இனி விஷயம். உனக்குத் தெரிந்ததிலிருந்துதான் தொடங்க வேண்டும், பொறுத்துக்கொள். என் கோபத்துக்கு முதலிலிருந்து நடந்தால்தான் கால் வருகிறது. நீ படிப்புக்காக நம் உப்பங்கழி லகூனில் மீன் கணக்கெடுத்தபோது முகத்துவாரத்தில் கொசுவலை மாதிரிச் சின்னக் கண்ணி வலை கட்டி யாரோ குஞ்சு மீனையெல்லாம் வாரிக்கொண்டிருப்பதைப் படம் எடுத்தாய். உன் அறிக்கையில் வைத்தாய். அதிகாரிகள் வந்தார்கள். வலையைக் கரையில் போட்டு எரித்தார்கள். எரிந்தது யாருடைய வலை என்று ஊருக்கே தெரியும். உன் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பெரியப்பா என்று இனி எழுத மாட்டேன். செல்லதுரை. கணவனின் அண்ணன் பெயரைச் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான், இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூட அந்தப் பெயர் என் வாயில் வந்ததில்லை. தாளில் வருகிறது. நன்றாகவே வருகிறது. செல்லதுரை.

கோயில் கமிட்டித் தலைவராக மாதா கோயில் மைதானத்தில் நின்று அன்றைக்கு அவர் சொன்னதை நீ கேட்கவில்லை, அழுதுகொண்டு உள்ளே இருந்தாய். நான் வாசலில் நின்று கேட்டேன். "அந்த வீட்டு வலை லகூன்ல விழக் கூடாது. அந்த வீட்டு மீன இந்த ஊர்ல எந்தக் கையும் தூக்கக் கூடாது. அந்தப் புள்ள வந்து மாதா கோயில் வாசல்ல முட்டி போட்டு மன்னிப்புக் கேக்குற வரைக்கும்." சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற குரல். ஊர் தலையை ஆட்டியது. அந்தத் தலையாட்டலில்தான் நீ விமானம் ஏறினாய், படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு. இன்னும் திரும்பி வரவில்லை. முட்டி போட வேண்டும் என்பதால் வரவில்லை. இதை நீ ஃபோனில் ஒருநாளும் சொன்னதில்லை. லீவு இல்லை என்பாய், டிக்கெட் இல்லை என்பாய். எனக்குத் தெரியாதா.

ஒரு நாள் நீ ஒரு வீடியோ அனுப்பினாய், ஞாபகம் இருக்கும். உங்கள் வேனர்ன் ஏரி. கரையே தெரியாத தண்ணீர். சின்னப் படகில் ஒரு கிழவர் தனியாக, பின்பக்கம் இரண்டு தூண்டில் கம்பு சாய்த்துச் செருகியிருக்கிறார், படகு நிற்கவே இல்லை, மெதுவாகப் போய்க்கொண்டே இருக்கிறது, பின்னால் தூரத்தில் நரம்பில் கட்டிய, கொக்கி வைத்த பொய்மீன் தண்ணீருக்குள் நீந்திக்கொண்டு வருகிறது. இதற்கு ட்ரோலிங் என்று பெயர், எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக் காவல்காரர், மனைவி திட்டினால் இப்படிக் கிளம்பிவிடுவார் என்று எழுதியிருந்தாய். நீ சிரிப்பதற்காக அனுப்பினாய். நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். மீனை இல்லை. படகை. படகில் வலை இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கம்பும் ரீலும் பொய்மீனும் வேண்டும் என்றபோது எதற்கு என்று நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். படகு கமருன்னிஸா கொடுத்தாள். முத்துப்பேட்டையில் என்னோடு பள்ளிக்கூடம் படித்தவள், அவள் தம்பி அலையாத்திக்காடு பார்க்க வருகிறவர்களை ஏற்றிப்போன சின்ன ஃபைபர் படகு, அவன் துபாய் போன பிறகு அவள் வீட்டுக் கொல்லையில் கவிழ்ந்து கிடந்தது. எடுத்துட்டுப் போடி, கோழி அடைகாத்துக்கிட்டு இருக்கு அதுல, குஞ்சு பொரிச்சதும் வந்து தூக்கிக்க என்றாள். பொரிக்கிற வரை காத்திருந்தேன். காத்திருப்பது எனக்குப் பழகிவிட்டது.

அப்பாவுக்கு விருப்பமில்லை. ஆனால் வேலை என்று வந்தால் அவர் கை சும்மா இருக்காது. அடியில் இருந்த வெடிப்பை உரசி, பசை பூசி, ஃபைபர் துணி ஒட்டிக் காயவைத்தார். வீட்டுத் தண்ணீர்க் குழாயில் மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பை வெட்டி, கம்பு செருகுவதற்குப் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் வெளிப்பக்கமாகச் சாய்த்துப் போல்ட் முடுக்கினார், நேராக வைத்தால் இரண்டு தூண்டில் நரம்பும் ஒன்றோடு ஒன்று பின்னிக்கொள்ளும் என்று நீ படம் போட்டு அனுப்பியிருந்தாயே, அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு செய்தார். நான் ஒருத்தி பின்னால் உட்கார்ந்தால் படகின் மூக்கு வானத்தைப் பார்த்தது. முன்னால் மணல் மூட்டை வைத்தோம். எஞ்சினை நிறுத்துகிற கயிற்றை என் மணிக்கட்டில் கட்டிவிட்டார், நான் தண்ணீரில் விழுந்தால் படகு என்னை விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று.  முடிச்சை இரண்டாம் தடவை இழுத்துப் பார்த்தார். வாசலில் யாரோ எங்கே கிளம்புகிறாள் உன் பெண்டாட்டி என்று கேட்டதற்கு, "மீன் பிடிக்கன்னு சொல்றா. ஆளப் பிடிக்கப் போறா" என்று சொன்னாராம். இருபத்தேழு வருடம் கூட வாழ்ந்தவர். தப்பாகச் சொல்வாரா.

ஆனால் ஓடவில்லை. எஞ்சினை எவ்வளவு குறைத்தாலும் படகு வேகமாகத்தான் போனது, பொய்மீன் தண்ணீருக்கு மேலே வந்து குட்டிக்கரணம் போட்டது. எந்தக் கொடுவா அதை மீன் என்று நம்பும். உன்னைக் கேட்டேன். உயிருள்ள மீன் நடக்கிற வேகம்தான் வேண்டும், காவல்காரர் செய்வது மாதிரி பின்னால் ஒரு வாளியை இழுத்துக்கொண்டு போ என்றாய். பெயிண்ட் வாளியில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டிப் பின்னால் விட்டேன். படகு இடுப்பைப் பிடித்து இழுத்த மாதிரி தணிந்தது. கம்பு நுனி துடிக்க ஆரம்பித்தது. ஒரே சீராக, நாடி மாதிரி. அடியில் பொய்மீன் நீந்துகிறது என்று அர்த்தம். துடிப்பு நின்றால் பாசி சுற்றிக்கொண்டது என்று அர்த்தம், சுருட்டித் துடைத்து மறுபடி விட வேண்டும். திரும்பும்போது அகலமாகத் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் வித்தை. மீதியெல்லாம் உட்கார்ந்திருப்பது, கையை எஞ்சினில் வைத்துக்கொண்டு, நினைத்துக்கொண்டு.

துறையில் நின்றவர்கள் வாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன அண்ணி, லகூன மொண்டு வீட்டுக்குக் கொண்டுபோறீங்களா?" என்றான் ஒருவன். இன்னொருவன், "பாத்து, தொட்டியத் தொறந்து வச்சிட்டு வந்தீங்களா?" என்றான். செல்லதுரை மட்டும் சிரிக்கவில்லை. கமிட்டியைக் கூட்டினார். பொம்பளை படகேறலாமா என்று முதலில் கேட்டார், நண்டு பிடிக்க இடுப்பளவு சேற்றில் இறங்குகிற பெண்கள் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். பிறகு தடையை மீறிவிட்டாள் என்றார். மீன் ஏலம் விடுகிற கண்ணுசாமி இருக்கிறாரே, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "வல விழக் கூடாதுன்னுதானே சொன்னீங்க தலைவரே, அந்தப் பொம்பள வாளியில்ல விடுது" என்றார். ஊர் சிரித்தது. அது என் பக்கம் நின்ற சிரிப்பு இல்லை. ஆனால் அவர் பக்கமும் நிற்கவில்லை.

முதல் கொடுவா மாட்டியபோது கம்பு படகுக்கு வெளியே வளைந்து ரீல் கத்தியதே, அந்தச் சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. நான் வேறு என்னவோ கத்தினேன் என்று கரையில் நண்டு விற்கிற கண்ணாத்தாள் சொன்னாள். மீனைக் கூடையில் வைத்துக் கரை சேர்ந்தேன். உனக்குத் தெரியும், நம் ஊரில் தன் மீனைத் தானே தூக்கிப்போய்த் தராசில் வைக்கிற வழக்கமில்லை. பிடித்தவர் கரையில் வைக்க வேண்டும், வேறொரு கை தூக்கி ஏலக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் அது ஊர் அறிந்த மீன். நான் வைத்தேன். ஒருவரும் தூக்கவில்லை. செல்லதுரை ஏலக்கூடத்துத் தூணில் சாய்ந்து நின்று, யார் கை அசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பட்டை வெயில். கண்ணுசாமி வானத்தைப் பார்த்து மழை வர்ற மாதிரி இருக்கே என்றார். ஈ வந்தது. மீனின் கண் வெளுத்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன், உன் பிறந்த நாளுக்குப் பாயசம் குடித்த முகங்கள். கூடையை நானே எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தேன். கமருன்னிஸா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன், நன்றாக இருந்தது என்றாள். மீனை விற்பதற்கு எத்தனையோ இடம் உண்டு ஜோதி. எனக்கு அந்த இடம்தான் வேண்டும். அன்று வீட்டுக்கு நடக்கும்போது ஒன்று தெளிவாயிற்று. மற்றவர்கள் கை எனக்கு வேண்டாம். என் மீனைச் செல்லதுரையின் கை தூக்க வேண்டும்.

நம் ஊரின் இன்னொரு வழக்கம் எனக்கு அப்போதே ஞாபகத்தில் இருந்தது என்று சொன்னால் நீ பயப்படுவாய். இருந்தது. தண்ணீரில் பழுதாகி நிற்கிற படகுக்கு இன்னொருவர் கயிறு போட்டு இழுத்து வந்தால், கயிறு வாங்கியவர்தான் இழுத்து வந்தவரின் மீனை ஏலக்கூடம்வரை சுமக்க வேண்டும். அதில் மேல் கீழ் கிடையாது. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா ஒரு தடவை கயிறு வாங்கி வந்து, அவரைவிட வயதில் குறைந்த ஒருவனின் கூடையைத் தலையில் சுமந்து போனாரே, நீ வெட்கப்பட்டு என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாய். அப்பா சிரித்துக்கொண்டேதான் போனார். அவருக்கு அது ஒரு கூடை. செல்லதுரைக்கு அப்படி இருக்காது.

அவரைப் பற்றி எனக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒருவருக்கு மீன் விழுகிற இடத்தைப் பார்த்துவிட்டால் அவரால் வீட்டில் இருக்க முடியாது, அங்கே வலை போட்டே ஆக வேண்டும். இரண்டாவது, ரிவர்ஸ் போடும்போது பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார், "எங்கண்ணன் பின்னால பாக்கவே மாட்டான், பின்னால இருக்கறவன்தான் ஒதுங்கணும்" என்று. ஆகவே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போனேன். பூசை முடிகிற வரை யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள், லகூன் காலியாக இருக்கும். கோரையாறு வந்து சேர்கிற வாய்க்காலில், தண்ணீர் வற்றி இறங்குகிற நேரமாகப் பார்த்து, அவர் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற தூரத்தில் மேலும் கீழும் ஓட்டினேன். மீன் விழுந்தால் எழுந்து நின்று தூக்கிக் காட்டினேன். விழாத நாளிலும் எழுந்து நின்றேன். இதைத் திட்டம் என்று சொன்னால் அப்பா வருத்தப்படுவார். திட்டம்தான். அதில் ஒரு ஞாயிறு கோயில் சாமி மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கம் வைத்தாராம். நான் கேட்கவில்லை. வாய்க்காலில் இருந்தேன்.

போன ஞாயிறு பச்சை முதுகுப் பொய்மீனை விட்டிருந்தேன். தண்ணீர் இறங்க ஆரம்பித்துவிட்டது, அலையாத்தி வேர்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தன. இடது கம்பு ஒரேயடியாக வளைந்தது. இது முன்னே பிடித்தது மாதிரி இல்லை. நரம்பு போய்க்கொண்டே இருந்தது, நான் ரீலின் பிரேக்கை இறுக்கவில்லை, நீ சொன்ன மாதிரி போகவிட்டு, நின்றதும் சுருட்டி, போகவிட்டு, சுருட்டி. மேலே ஒரு தடவை துள்ளியது. வெள்ளிக் கதவு திறந்து மூடிய மாதிரி. அதைப் படகுக்குள் இழுத்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது எஞ்சின் சத்தம் கேட்டது. செல்லதுரை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பூசைக்குப் புறப்பட்ட கோலத்திலேயே படகேறியிருக்கிறார். என் பக்கம் பார்க்காமல் வாய்க்காலின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வலையை இறக்கிக்கொண்டே போனார். நான் திரும்பி ஓட்ட முடியாதபடி. இறக்கி முடித்தார். ரிவர்ஸ் போட்டார். பின்னால் பார்க்கவில்லை.

எஞ்சின் ஒரு தடவை இருமியது. நின்றது. வலையின் தலைக்கயிறு முழுவதும் ப்ரொப்பல்லரில் சுற்றிக்கொண்டுவிட்டது, வலை இழுபட்டு அவர் படகடியில் சுருண்டதில் எனக்கு வழி திறந்தது. அவர் குனிந்து இழுத்தார், வெட்டக் கத்தி இல்லை, வேட்டியில் சேறு தெறிக்கக் கூடாது என்று வேறு பார்த்துக்கொண்டார். தண்ணீர் இறங்க இறங்கப் படகு சேற்று மேட்டுப் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான், சாயங்காலம் தண்ணீர் ஏறும்வரை வெயிலில் இருக்க வேண்டும், நண்டு பிடிக்கிற இடம் மாதிரி இல்லை, அந்த ஆழச் சேற்றில் இறங்கி நடந்தவர் யாரும் இல்லை. நான் மறுபடி பொய்மீனைத் தண்ணீரில் விட்டேன். அவரைச் சுற்றி அகலமாக ஒரு வட்டம் போட்டேன். முதல் வட்டத்தில் அவர் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததில் யாரிடமோ சொல்வது மாதிரி, கயிறு சுத்திக்கிச்சு என்றார். நான் கம்பு நுனியைப் பார்த்துக்கொண்டு போனேன். அதற்கு அடுத்த வட்டத்தில் "புஷ்பம்" என்றார். அந்த மைதானத்து நாளுக்குப் பிறகு என் பெயர் அவர் வாயில் வந்தது அப்போதுதான்.

சொல்லுங்க பெரியத்தான் என்றேன். பாரேன், அந்த 'ங்க' போகவில்லை. வளர்ப்பு அப்படி. "ஒரு கயிறு போடு" என்றார். "கயிறு வாங்குனா என்னன்னு தெரியும்ல பெரியத்தான்?" என்றேன். அவர் என் படகுக்குள் கிடந்த கொடுவாவைப் பார்த்தார். "வேற யாராச்சும் வருவாங்க" என்றார். "எல்லாரும் பூசையில இருக்காங்க. நீங்களும் அங்கதான் இருக்கணும்" என்றேன். ஒரு வட்டம் போய் வந்தேன். அவர் படகு மேட்டில் உரசுகிற சத்தம் கேட்டது. அவர் குரல் இறங்கியிருந்தது. "இந்தா பாரு புஷ்பம், நமக்குள்ள பேசி முடிச்சுக்குவோம். தடையத் தூக்கிடுறேன். இன்னிக்கே கூட்டம் போடுறேன். அந்தப் புள்ளையும் வரட்டும், முட்டியெல்லாம் போட வேணாம்." அதைக் கேட்டதும் எனக்குள் ஒன்று அசைந்தது, மறைக்கவில்லை. நீ வரலாம். அதுதானே எனக்கு வேண்டியது. சரி என்று சொல்லக் கயிற்றைக் கையில் எடுத்தும்விட்டேன். ஆனால் யாரும் இல்லாத தண்ணீரில், சேற்றுக்கும் வெயிலுக்கும் நடுவே, தர்மம் போடுவது மாதிரி அவர் உன்னை எனக்குத் திருப்பித் தருவதா? உன்னை வெளியே தள்ளியது ஊர் பார்க்கத்தானே. "தடைய நீங்க மெதுவாத் தூக்குங்க. இப்போதைக்கு மீனத் தூக்குங்க" என்றேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெகு நேரம் கழித்துக் கையை நீட்டினார்.

கயிற்றை வீசினேன். அவர் படகின் மூக்கில் அவரே கட்டினார். முடிச்சு நன்றாகத்தான் இருந்தது. நரம்புகளைச் சுருட்டி, வாளியை மட்டும் எடுக்காமல் எஞ்சினைக் கிளப்பினேன். வேகமாக இழுத்திருக்கலாம். இழுக்கவில்லை. அதே வேகம். பொய்மீன் ஓடும் வேகம். லகூன் முழுவதையும் அந்த வேகத்தில் கடந்தேன். திரும்பிப் பார்த்தபோதெல்லாம் கயிற்றின் முனையில் அவர் படகு இடதுபக்கம் கொஞ்சம், வலதுபக்கம் கொஞ்சம் அசைந்து அசைந்து வந்தது, ஒரே சீராக. வெள்ளைச் சட்டை பளிச்சென்று தெரிந்தது. வாளிய எடுத்துவிட்டா என்ன என்று ஒரு தடவை கத்தினார். காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

பூசை முடிந்து ஜனம் துறைக்கு வருகிற நேரம். முதலில் யாருக்கும் புரியவில்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பிறகு புரிந்தது. கண்ணாத்தாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "என்ன புஷ்பம், சின்ன மீன உள்ள போட்டுட்டுப் பெரிய மீனப் பின்னால கட்டிக்கிட்டு வர்ற?" என்றாள். "பூசைக்குக் காணோமேன்னு பாத்தேன் தலைவர, இங்கயா இருந்தாரு" என்றது இன்னொரு குரல். நான் கரை சேர்ந்து கூடையை இறக்கி வைத்தேன். கொடுவாவின் வால் கூடைக்கு வெளியே கிடந்தது. செல்லதுரை இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். கூடையைச் சுற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஒருவரும் அவரை மறிக்கவில்லை. அன்றைக்குப் பார்த்த அதே முகங்கள். அவ்வளவும் வீண் என்று நினைத்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, அதிராத குரல். "அண்ணே, கயிறு வாங்கியிருக்க." உன் அப்பா. கறுப்புக் கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணனின் முன்னால் நிமிர்ந்து நின்று அவர் பேசி நான் பார்த்ததில்லை, தடை போட்ட அன்றும் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்தான். அவ்வளவுதான் சொன்னார்.  கண்ணுசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, வழக்கம் வழக்கம்தானே தலைவரே என்றார். செல்லதுரை திரும்பி வந்தார். குனிந்தார். கூடையைத் தூக்கினார். கூடை ஒரு பக்கம் சாய்ந்து மீன் நழுவியது, விழாமல் நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. உயிர் இன்னும் இருந்தது போல, வால் ஒரு தடவை அடித்தது. வெள்ளைச் சட்டை முழுவதும் வழவழப்பும் செதிலும். அப்படியே சுமந்துகொண்டு ஏலக்கூடத்துக்கு ஏறினார். எல்லோரும் வழி விட்டார்கள். தராசில் வைத்தார். கண்ணுசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஜேசுராஜ் வீட்டுக் கொடுவா" என்று ஏலம் கூவினார். உன் அப்பா பெயரோடு அந்த மூன்று சொல். ஊர் முழுக்கக் கேட்டது. மீனை யார் எடுத்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

நிம்மதியாக இருக்கிறதா என்று கேட்பாய். கேள். இருக்கிறது. பழிவாங்கினால் மனம் வெறுமையாகிவிடும் என்று புத்தகங்களில் எழுதுகிறார்கள், உன் அலமாரியிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. எனக்கு ஒன்றும் வெறுமையாகவில்லை. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். மறுநாள் நான் பிடித்து வந்த இரண்டு செப்பிலியை, கேட்பதற்கு முன்பே பக்கத்துப் படகுக்காரன் தூக்கிக்கொண்டு போனான். கூட்டம் போட்டுத் தடையை நீக்கவில்லை. நீக்க வேண்டிய அவசியம் இப்போது யாருக்கும் தெரியவில்லை. செல்லதுரை ப்ரொப்பல்லரில் சுற்றிய கயிற்றை வெயிலில் உட்கார்ந்து நூல் நூலாக அறுத்துக்கொண்டிருந்தார். அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு உதவப் போனார், அவர் அப்படித்தான். நான் போகவில்லை. நான் இப்படித்தான். மன்னிப்பைப் பற்றி நீ போன மாதம் ஃபோனில் நிறையச் சொன்னாய். பார்க்கலாம். இன்னும் கொஞ்ச காலம் இந்தக் கோபத்தை வாளி மாதிரி பின்னால் கட்டிக்கொண்டு போகிறேன். அது இருந்தால்தான் எனக்கு வேகம் சரியாக இருக்கிறது.

நீ வர வேண்டும். ஈஸ்டருக்கு வா. பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கொல்லை வழியாக வீட்டுக்குள் நுழையாதே, துறைக்கு வா, எல்லோரும் இருக்கிற நேரமாகப் பார்த்து வா. கோயிலுக்குப் போனால் ஜெபம் பண்ண முட்டி போடு. வேறு எதற்கும் போடாதே. அங்கே ஏரிக்குப் போகும்போது மிதவைச் சட்டை போட்டுக்கொள், அந்தத் தண்ணீர் குளிரில் ஆளை விறைக்க வைத்துவிடும் என்று படித்தேன். ஈரக் காலுறையோடு உட்காராதே. காலையில் காப்பி மட்டும் குடித்துவிட்டுப் போகாதே. அந்தக் காவல்காரரிடம் அவர் வாளி இங்கே நன்றாக வேலை செய்கிறது என்று சொல், மனைவியிடம் திட்டு வாங்குவதை நிறுத்த வேண்டாம் என்றும் சொல். பச்சை முதுகுப் பொய்மீனின் கொக்கி வளைந்துபோய்விட்டது, அதே மாதிரி வேண்டும். தபாலில் அனுப்பாதே. கையில் கொண்டு வா.

மாதா உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். உன் கண்ணில் பட்டதைப் பட்டபடி சொல்கிற தைரியம் உனக்குக் குறையாமல் இருக்கட்டும். அப்பா முத்தம் கொடுக்கச் சொன்னார். கவருக்குள் ஒரு செதில் வைத்திருக்கிறேன், தூசி என்று தட்டிவிடாதே. ஏலக்கூடத்துத் தரையில் பொறுக்கினேன். அந்த வெள்ளைச் சட்டையிலிருந்து உதிர்ந்தது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா,
ஜே. மரியபுஷ்பம்